காதுக்காரரும் கண்காரரும்

சென்ற வருஷம் முதியோர் கல்விப் பயிற்சி முகாம் ஒன்றில் பேச என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். கதை எழுதுகிறவனுக்கு அங்கே என்ன வேலை என்று தோன்றலாம். புதிதாக எழுத்துக் கற்றவர்கள் படிக்க எளிய கதைகள் எழுதித் தர முடியுமா என்று கேட்பதற்காகத்தான். எனக்கு முன்னால் பேசிய இளைஞர் எல்லாருக்கும் ஒரு தாளைக் கொடுத்தார். அதில் பதினாறு கேள்விகள். புது ஊரில் வழி தெரியாவிட்டால் படம் பார்ப்பீர்களா, யாரையாவது கேட்பீர்களா, குறித்து வைத்துக்கொண்டு போவீர்களா, நடந்தே கண்டுபிடிப்பீர்களா என்கிற மாதிரி கேள்விகள். பதில்களைக் கூட்டினால் நாம் கண்ணால் கற்கிறவரா, காதால் கற்கிறவரா, எழுத்தால் கற்கிறவரா, கையால் கற்கிறவரா என்று தெரிந்துவிடும் என்றார். நானும் கூட்டிப் பார்த்தேன். எனக்கு எழுத்து என்று வந்தது. எழுத்தை வைத்துப் பிழைக்கிறவனிடம் வேறு எது வரும்?

அன்று மாலை அதே கட்டடத்தில் வகுப்பு நடந்தது. லாரி ஷெட்டில் காவல் இருக்கிற பெரியவர் ஒருவர் வந்திருந்தார். வயசு ஐம்பத்தைந்துக்கு மேல் இருக்கும். அந்தத் தாளில் உள்ள கேள்விகளை இளைஞர் அவருக்குப் படித்துக் காட்டி, பதில் வாங்கி, கணக்குப் போட்டுவிட்டுச் சொன்னார்:

"ஐயா, நீங்க காதால கத்துக்கிறவரு. புஸ்தகம் உங்களுக்கு ஒத்துவராது. பாடத்தை எல்லாம் பேசிப் பதிஞ்சு போன்ல போட்டுத் தந்துடறோம். கேட்டுக்கிட்டே இருங்க, போதும்."

பெரியவர் கொஞ்சம் யோசித்தார். "அப்ப பட்டாவை யாரு தம்பி படிப்பா? இன்னமும் இன்னொருத்தன்தான் படிச்சுச் சொல்லணுமா?" என்றார்.

இளைஞர் சிரித்துவிட்டு அடுத்தவரிடம் போய்விட்டார். அவர் கெட்ட மனிதர் அல்ல. நல்லது செய்வதாக நம்பித்தான் செய்தார். அதனால்தான் இதைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது. பெரியவருடைய கேள்விக்கு அந்தச் சித்தாந்தத்தில் பதில் உண்டா என்று தேடிப் பார்த்ததில் நான் தெரிந்துகொண்டதைச் சொல்லுகிறேன்.

கண், காது, எழுத்து, கை என்ற இந்த நாலு பிரிவுக்குப் பெயர் வாங்கித் தந்தவர் நியூஸிலாந்துக்காரரான நீல் ஃபிளெமிங். பள்ளிக்கூட இன்ஸ்பெக்டராக இருந்து, பிறகு லிங்கன் சர்வகலாசாலைக்குப் போனவர். கொலீன் மில்ஸ் என்ற அம்மாளுடன் சேர்ந்து 1992-ல் அவர் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பே, இது இன்னொரு அளவுகோல் அல்ல, யோசிக்கத் தூண்டும் கருவி என்கிற பொருளில் அமைந்தது. மாணவன் தன்னைப் பற்றித் தானே கொஞ்சம் யோசிக்கட்டும் என்பதுதான் அவர் உத்தேசம். ஆனால் ஒரு தாளில் கேள்வி போட்டு, கூட்டுத் தொகைக்கு ஒரு பெயரும் வைத்துவிட்டால், அதை வாங்குகிறவன் யோசிப்பதை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடுகிறான். ஜாதகத்துக்கும் இதே கதிதான்.

அவருக்கு முன்னாலும் இப்படிப் பிரித்தவர்கள் உண்டு. 1982-ல் இங்கிலாந்தில் ஹனியும் மம்ஃபோர்டும், உத்தியோகஸ்தர்களுக்குப் பயிற்சி தருவதற்காக, காரியத்தில் குதிப்பவர், நின்று பார்ப்பவர், தத்துவம் தேடுபவர், பிரயோஜனம் கேட்பவர் என்று நாலாகப் பிரித்தார்கள். அமெரிக்காவில் டேவிட் கோல்ப் 1984-ல் எழுதிய புஸ்தகத்தில், அனுபவம், அதைப் பற்றிய சிந்தனை, அதிலிருந்து பிறக்கும் கருத்து, அதைச் செய்து பார்க்கும் சோதனை என்று கல்வியை ஒரு சக்கரமாகச் சொன்னார். சக்கரம் என்ற வரையில் அது நல்ல யோசனை. கற்கிறவன் நாலு படியிலும் ஏறி இறங்க வேண்டும் என்று ஆகிறது. ஆனால் அவரும் அந்தச் சக்கரத்தில் யார் எந்தப் பக்கம் சாய்கிறவர் என்று கண்டுபிடிக்க ஒரு கேள்வித்தாள் தயாரித்தார். இந்த ஆசை மட்டும் யாரையும் விடுவதில்லை.

ஃபிராங்க் காஃபீல்டும் அவருடைய சகாக்களும் 2004-ல் இப்படிப்பட்ட திட்டங்களைத் தேடிச் சேர்த்தபோது 71 வந்தன. ஒரே மனிதனை 71 விதமாக வகை பிரிக்கலாம் என்றால் அந்த வகைகளில் எதை நம்புவது? அவர்கள் 13-ஐ மட்டும் எடுத்துத் துருவிப் பார்த்தார்கள். பலவற்றுக்கு அஸ்திவாரம் பலமாக இல்லை என்பது அவர்கள் கண்ட முடிவு.

இதற்கும் மேலே ஒரு நேரான சோதனை உண்டு. 2008-ல் ஹெரால்டு பாஷ்லர் முதலிய நாலு மனோதத்துவ ஆராய்ச்சிக்காரர்கள் அதைத் தெளிவாக எடுத்துச் சொன்னார்கள். நம் வைத்தியர் ஒருவரை வைத்துச் சொன்னால் எளிதில் விளங்கும். பித்த உடம்புக்கு ஒரு சூரணம், வாத உடம்புக்கு ஒரு லேகியம் என்று வைத்தியர் சொல்லுகிறார். அது நிஜமா என்று எப்படிப் பார்ப்பது? இரண்டு விதமான உடம்புக்காரர்களிலும் பாதிப் பேருக்குச் சூரணமும் பாதிப் பேருக்கு லேகியமும் கொடுக்க வேண்டும். பித்தக்காரன் சூரணத்தாலும் வாதக்காரன் லேகியத்தாலும் தேறினால் வைத்தியர் சொன்னது சரி. எல்லாரும் லேகியத்தாலேயே தேறினார்கள் என்றால் லேகியம் நல்ல மருந்து, அவ்வளவுதான். நாடி பிடித்துப் பார்த்ததற்கு அங்கே வேலை இல்லை.

கல்வியிலும் அப்படித்தான். கண்காரர்களில் பாதிப் பேருக்குப் படம், பாதிப் பேருக்குப் பேச்சு. காதுக்காரர்களுக்கும் அதே மாதிரி. பிறகு எல்லாருக்கும் ஒரே பரீட்சை. இந்த முறைப்படி ஒழுங்காகச் சோதித்த ஆராய்ச்சிகளே மிகச் சொற்பம் என்றும், சோதித்தவற்றிலும் பல சித்தாந்தத்துக்கு எதிராகவே இருந்தன என்றும் அந்த நால்வர் எழுதினார்கள். 2015-ல் ரொகாவ்ஸ்கி, கால்ஹூன், டலால் என்ற மூவர் வயசு வந்தவர்களையே வைத்துப் பார்த்தார்கள். கேட்பதில் விருப்பமுள்ளவர், படிப்பதில் விருப்பமுள்ளவர் என்று பிரித்து, ஒரே விஷயத்தைச் சிலருக்கு ஒலியாகவும் சிலருக்கு எழுத்தாகவும் கொடுத்தார்கள். விருப்பத்துக்கும் புரிந்துகொண்டதற்கும் சம்பந்தம் காணப்படவில்லை.

"எனக்குப் படம் பார்த்தால்தானே ஏறுகிறது, அது பொய்யா?" என்று கேட்பார்கள். விருப்பம் பொய் அல்ல. எனக்கும் விருப்பம் உண்டு. பிரசங்கம் கேட்டால் எனக்குத் தூக்கம் வரும். ஆனால் விருப்பம் வேறு, ஏறுவது வேறு. 2017-ல் நால் என்பவரும் அவருடைய சகாக்களும் செய்த சோதனையில், படத்தை விரும்புகிறவர்கள், தங்களுக்குப் படம்தான் நன்றாக ஞாபகம் இருக்கும் என்று முன்கூட்டியே சொன்னார்கள். பரீட்சையில் அப்படி நடக்கவில்லை. எது சுலபமாக உள்ளே போகிறதோ அது உள்ளேயே தங்கிவிடும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். இரவல் வாங்கிய நாவலை ஒரே மூச்சில் படித்து முடித்தவனிடம் ஒரு மாசம் கழித்துக் கதாநாயகியின் தகப்பனார் பெயரைக் கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்று. எந்த வழியாகக் கற்பது என்பதை முக்கால்வாசி தீர்மானிப்பது கற்கிற விஷயம்தான். தேசப்படத்தைக் காதால் கற்க முடியாது. காம்போதியைக் கண்ணால் கற்க முடியாது. கத்தரிக்கோல் பிடிக்கத் தையற்கடைக்குப் போன பையன் தன்னைக் காதுக்காரன் என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் முதலாளி துணியைக் கொடுக்கமாட்டார்.

நாற்பது வயசுக்கு மேல் நான் மலையாள எழுத்துக் கற்றேன். பஷீரை அவர் பாஷையிலேயே படிக்கவேண்டும் என்ற ஆசை. பேச்சு காதால்தான் வந்தது. எங்கள் தெருவில் டீக்கடை வைத்திருந்தவர் பேசப் பேசக் கேட்டுத்தான் அந்த இழுப்பும் மூக்கொலியும் பிடிபட்டன. எழுத்து கண்ணுக்குத் தெரிந்தது, ஆனால் நிற்கவில்லை. தமிழில் ஒரு 'க' இருக்கிற இடத்தில் அங்கே நாலு. சிலேட்டில் எழுதி எழுதி அழித்த பிறகுதான் நின்றது. கூட்டெழுத்துக்களோ சிலேட்டுக்கும் மசியவில்லை. பஸ்ஸில் போகும்போது கடைப் பலகைகளைப் படித்துத் தப்பாகச் சொல்லி, பக்கத்தில் இருப்பவர் திருத்தித்தான் வந்தன. இதில் நான் எந்தக்காரன்? பதினாறு கேள்வியில் எழுத்துக்காரன் என்று வந்தேனே, எழுத்துத்தான் எனக்குக் கடைசியாக வந்தது.

நம்மவர்களும் மாணாக்கரை வகை பிரித்தவர்கள்தான். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூலின் பொதுப்பாயிரத்தில் அன்னமும் பசுவும் தலைமாணாக்கர், மண்ணும் கிளியும் இடைப்பட்டவர், ஓட்டைக்குடமும் ஆடும் எருமையும் நெய்யரியும் கடைப்பட்டவர் என்று சொன்னார். நானும் பள்ளிக்கூடத்தில் இதை நெட்டுருப் போட்டவன்தான். அப்போது என்னை எருமை என்று சொன்ன வாத்தியார் இலக்கண ஆதாரத்தோடுதான் சொன்னார். ஆனால் இப்போது படித்தால் ஒரு விஷயம் தெரிகிறது. பசு கிடைத்த இடத்தில் வயிறார மேய்ந்துவிட்டு வந்து அசைபோடுகிறது. ஆடு செடிக்குச் செடி ஒரு வாய் வைத்துவிட்டு ஓடுகிறது. எருமை குளத்தைக் கலக்கிக் குடிக்கிறது. நெய்யரி நெய்யை விட்டுவிட்டுக் கசண்டைப் பிடித்துக்கொள்கிறது. இவை எல்லாம் நடத்தைகள். எந்தப் புலன் வழியாக ஏறுகிறது என்ற கணக்கே அங்கே இல்லை. ஆட்டை ஒரு செடியில் நிற்கப் பழக்கலாம். அது வாத்தியார் சாமர்த்தியம். காதுக்காரன் என்று முத்திரை குத்தினவனை என்ன செய்வது?

பவணந்தியார் அதோடு நிற்கவில்லை. ஒரு தரம் கேட்டதை இரண்டாம் தரம் கேட்டால் பிழை குறையும், மூன்றாம் தரம் கேட்டால் முறையாகச் சொல்ல வரும் என்கிறார். ஆசிரியர் சொன்னதைச் செம்மையாக வாங்கிக்கொண்டாலும் கால் பங்குதான் வருமாம். கூடப் படிக்கிறவர்களோடு பழகுவதில் இன்னொரு கால். மிச்சம் பாதி, பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் நிறைகிறது. 2006-ல் அமெரிக்காவில் ரோடிகரும் கார்பிக்கியும் செய்த சோதனையை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஒரு பகுதி மாணவர்கள் பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தார்கள். இன்னொரு பகுதியினர் ஒரு தரம் படித்துவிட்டுப் புஸ்தகத்தை மூடி நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்கள் ஜெயித்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது மூடிவைத்து எழுதினவர்கள் ஜெயித்தார்கள். நம் முன்னோர்கள் எல்லாவற்றையும் அப்போதே கண்டுபிடித்துவிட்டார்கள் என்று மார்தட்டுகிறவன் அல்ல நான். பாடம் சொல்லிக் கொடுத்து அநுபவப்பட்டவர்கள் எந்த நூற்றாண்டிலும் ஏறக்குறைய ஒரே இடத்துக்குத்தான் வந்து சேருகிறார்கள் என்று மட்டும் சொல்லுகிறேன்.

அப்படியானால் வயசு வந்தவர்கள் கற்பதில் தனியாக ஒன்றும் இல்லையா? இருக்கிறது. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்ற பழமொழி நம்மிடம் கெடுத்த காரியம் கொஞ்சம் அல்ல. பெரியவர்களாலும் கற்க முடியும் என்று தார்ன்டைக் 1928-லேயே ஒரு புஸ்தகம் போட்டு வாதித்தார். பிறகு மால்கம் நோல்ஸ் வந்தார். குழந்தைக்குச் சொல்லித் தரும் கலை வேறு, பெரியவர் கற்பதற்குத் துணை நிற்கும் கலை வேறு என்பது அவர் கட்சி. பெரியவர் தம்மைத் தாமே நடத்திக்கொள்ள விரும்புகிறவர், கையில் அநுபவம் உள்ளவர், இன்றைக்கு ஆகவேண்டிய காரியத்துக்காகக் கற்க வருகிறவர் என்றார். 1970-ல் வந்த அவர் புஸ்தகத்தின் உபதலைப்பு இரண்டு கலைகளையும் எதிர் எதிராக நிறுத்தியது. 1980-ல் மறுபதிப்பு வந்தபோது, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போவது என்று அதை மாற்றிக்கொண்டார். குழந்தைகளும் தங்களுக்கு வேண்டியதைத்தான் ஆவலோடு கற்கிறார்கள் என்று வாத்தியார்கள் எடுத்துச் சொன்னதை அவர் ஒப்புக்கொண்டார். சொன்னதைத் திருத்திக்கொள்ளும் சித்தாந்தக்காரரிடம் எனக்கு மரியாதை உண்டு.

நோல்ஸ் சொன்னதில் ஒன்று அப்படியே நிற்கிறது. பெரியவர் ஒரு காரியத்தோடு வருகிறார். ஷெட்டுக் காவல்காரர் பட்டாவோடு வந்தார். பிரேஸிலில் பாவ்லோ ஃபிரெய்ரே இதைத் தெரிந்துகொண்டிருந்தார். 1963-ல் ஆங்கிகோஸ் என்ற ஊரில் சுமார் 300 உழைப்பாளிகளுக்கு 40 மணி நேரப் பாடத்தில் எழுத்துக் கற்றுத் தந்த முயற்சி அவருடையது. அவர் யாரிடமும் கேள்வித்தாள் நீட்டவில்லை. அவர்களுடைய பேச்சிலிருந்தே வார்த்தைகளைப் பொறுக்கினார். செங்கல் என்ற வார்த்தை அப்படி வந்த ஒன்று. படம் காட்டினார்கள், அதைப் பற்றிப் பேசினார்கள், வார்த்தையை அசை அசையாகப் பிரித்தார்கள், எழுதினார்கள். கண், காது, கை எல்லாம் ஒரே பாடத்தில் இருந்தன. அடுத்த வருஷம் ராணுவம் ஆட்சியைப் பிடித்து, இந்த வேலையை நிறுத்தி, அவரை ஜெயிலில் போட்டது. செங்கல் என்று எழுதத் தெரிந்தவன் அடுத்தபடி என்ன எழுதுவான் என்று ராணுவத்துக்குத் தெரிந்திருந்தது.

நமக்குப் பக்கத்திலேயே புதுக்கோட்டை இருக்கிறது. 1991-ல் அங்கே அறிவொளி இயக்கம் நடந்தபோது கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத், பெண்கள் சைக்கிள் விடக் கற்பதையும் இயக்கத்தோடு சேர்த்துவிட்டார். ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஏறினார்கள். அப்போது எனக்குப் பத்து வயசு. திருமயத்துக்குப் பக்கத்தில் இருந்த என் சித்தி, கேரியரைப் பிடித்துக்கொண்டு நான் பின்னால் ஓட, பார் வைத்த ஆண்கள் சைக்கிளில் கற்றாள். "டேய், விட்டுடாதேடா" என்பாள். விட்டுவிடுவேன். விழுவாள். "சக்கரத்தைப் பார்க்காதே, முன்னால பாரு சித்தி" என்று நானும் கத்துவேன். முழங்காலில் காயத்தோடு ராத்திரி வகுப்புக்குப் போவாள். அங்கே எழுதினதை மறுநாள் அடுப்படித் தரையில் ஈர விரலால் எனக்கு எழுதிக் காட்டுவாள். தப்பாக இருந்தால் காய்வதற்குள் நான் சொல்லவேண்டும். இரண்டு மாசத்தில் சைக்கிளும் வந்தது. பஸ்ஸின் நெற்றியில் உள்ள ஊர்ப் பெயரைப் படிக்கவும் வந்தது. அதற்கு முன் எந்தப் பஸ் என்று பக்கத்தில் நிற்கும் ஆம்பிளையைக் கேட்கவேண்டும். அந்தக் கேள்வியிலிருந்து தப்பித்ததுதான் அவளுக்குக் கல்வி. சித்தியிடம் யாராவது வந்து, உனக்குக் கைதான் வசம், சைக்கிளோடு நிறுத்திக்கொள் என்று சொல்லியிருந்தால் அவள் நம்பியிருப்பாள். அதை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

பெரியவர்கள் நம்பிவிடுவார்கள் என்பதுதான் இதில் உள்ள ஆபத்து. எழுத்துத் தெரியாத பெரியவர் ஏற்கெனவே, தனக்கு மூளையில் ஏறாது என்று பாதி நம்பிக்கொண்டுதான் வகுப்பின் வாசற்படி ஏறுகிறார். அவருக்கு வெட்கம் பெரிய தடை. பார்வை மங்கினது, பகல் பூராவும் உழைத்த களைப்பு, பேரன் சிரிப்பானே என்கிற எண்ணம் எல்லாம் அதோடு சேருகின்றன. ஒரு கண்ணாடி வாங்கிக் கொடுத்தால் பாதிப் பேர் 'கண்காரர்' ஆகிவிடுவார்கள். இந்த வித்தியாசங்களைக் கவனிக்கவேண்டியதுதான். தாளில் கூட்டின தொகை அவருடைய பழைய அவநம்பிக்கைக்குச் சாஸ்திரத்தின் முத்திரையைக் குத்திக் கொடுத்துவிடுகிறது.

நம் நாட்டில் இதைக் கூடுதல் ஜாக்கிரதையோடு பார்க்கவேண்டும். உனக்குக் கைவேலை வரும், அவனுக்குப் படிப்பு வரும் என்று பிறப்பை வைத்துச் சொன்ன தேசம் இது. 1953-ல் ராஜாஜி, பள்ளிக்கூட நேரத்தைப் பாதியாக்கி, மிச்ச நேரத்தில் பிள்ளைகள் தகப்பன் தொழிலைக் கற்கட்டும் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். பள்ளியும் பணமும் போதாத நிலையில் அதிகப் பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்பது அவர் தரப்பு நியாயம். குலக்கல்வித் திட்டம் என்று எதிர்த்தவர்களுக்கு அதன் மறுபக்கம் தெரிந்திருந்தது. 1954-ல் காமராஜ் முதல்வராக வந்ததும் அது கைவிடப்பட்டது. நியூஸிலாந்து இன்ஸ்பெக்டருக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. அவரை இதில் இழுப்பது அநியாயம். ஆனால் ஒரு விதை எந்த மண்ணில் விழுகிறது என்று பார்க்கவேண்டாமா? இங்கே 'கையால் கற்கிறவர்' என்ற பட்டம் யாருக்குப் போய்ச் சேரும், 'எழுத்தால் கற்கிறவர்' என்ற பட்டம் யாருக்கு வரும் என்று கேள்வித்தாள் இல்லாமலே சொல்லிவிடலாம்.

நான் அந்த இளைஞருக்கு ஒரு கடிதம் எழுதினேன். பாடத்தைப் பதிந்து கொடுப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை, கேட்பதும் கல்விதான், ஆனால் அந்தப் பெரியவர் கேட்கும்போது அவர் கையில் புஸ்தகமும் விரலுக்கு அடியில் வரியும் இருக்கட்டும், பாட்டுக்கும் கதைக்கும் முன்னால் அவருடைய பட்டாவையே முதல் பாடமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று எழுதினேன். பதில் வந்தது. பெரியவர் இப்போது தம் பெயரையும் சர்வே நம்பரையும் படிக்கிறாராம். தகப்பனார் பெயர் இருக்கிற வரியில் ஓர் எழுத்து தப்பாக இருக்கிறது என்று அவரே கண்டுபிடித்து, தாலுகா ஆபீஸுக்கு மனுக் கொடுக்கவேண்டும் என்று நிற்கிறாராம். மனுவையும் தாமே எழுதவேண்டும் என்கிறாராம்.

நான் ஒப்புக்கொண்ட கதைகள் இன்னும் பாக்கி இருக்கின்றன. பெரிய எழுத்தில் போடச் சொல்லியிருக்கிறேன்.